மறுபடியும் செய்து பார்த்தவர்

செல்வராணி அவர்கள் காலமான செய்தி எனக்கு ஒரு குரல்பதிவாக வந்தது. செம்பூர் ஸ்டேஷனுக்கு வெளியே ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தேன். அனுப்பியவர் அவருடைய தம்பி அருள். அருளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. அதனால் எதையும் பேசித்தான் அனுப்புவார். "லலிதா மேடம், அக்கா போயிட்டா. காலைல வேலைக்குக் கிளம்பி, செருப்பு மாட்ட உக்காந்தா. அவ்ளோதான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. நீங்க வாங்க." அதற்குப் பிறகு சில நொடிகள் தாராவியின் தெருச் சத்தம் மட்டும் கேட்டது. பதிவை நிறுத்த அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. நானும் அதைக் கடைசிவரை கேட்டேன்.

செல்வராணிக்கு ஐம்பத்தாறு வயது. இரத்த அழுத்தம் இருந்தது. மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டவர். இதயம் நின்றுபோனது என்று மருத்துவர்கள் சொன்னார்கள்.

செல்வராணி மருத்துவ இயற்பியலாளர். புற்றுநோய்க்கு ரேடியேஷன் கொடுக்கும் இயந்திரத்திலிருந்து நோயாளியின் உடம்புக்குள் எவ்வளவு கதிர் போகிறது என்பதை அளந்து, சரிதான் என்று கையெழுத்துப் போடுவது அவர் வேலை. நான் உயிரியல் படித்தவள். அதே வளாகத்து ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பராமரித்து, கதிர் பட்ட தோல் எப்படிப் புண்ணாகிறது, எப்படி ஆறுகிறது என்று பார்ப்பது என் வேலை. பத்தொன்பது ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்தோம். அவரை அறிந்தவர்களுக்கும் இந்தக் கட்டுரையில் புதிதாக ஒரு விஷயம் இருக்கும். அவர் இருந்தவரை அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவரும் சொல்லவில்லை.

அவருடைய தந்தை திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து தோல் பட்டறையில் வேலை செய்தவர். செல்வராணி மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளியில் படித்து, பிறகு இந்தியிலும் ஆங்கிலத்திலும் தட்டுத்தடுமாறி, கல்லூரியில் இயற்பியலில் முதலாவதாக வந்தார். நான் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டில் எல்லோரும் ஆபீஸ் வேலைக்காரர்கள். இரண்டு ஸ்டேஷன் தூரத்தில் வளர்ந்த நாங்கள் இருவரும் முதன்முதலாகச் சந்தித்துக்கொண்டது முப்பத்தேழு வயதில்.

அந்தச் சந்திப்பே ஒரு சண்டைக்கு நடுவில் நிகழ்ந்தது. அன்று காலை இயந்திரத்தைச் சோதித்தபோது அளவு கொஞ்சம் ஏறி வந்திருந்தது. விதிப்படி அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள்தான் இருந்தது. ஆனால் முந்தின நாள்வரை அசையாமல் நின்ற அளவு ஏன் ஒரே இரவில் நகர்ந்தது என்று தெரியாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். வெளியே நோயாளிகள் வரிசையாகக் காத்திருந்தார்கள். மருத்துவர் ஒருவர் கோபத்தில் கத்தினார். செல்வராணி வெளியே போனார். காத்திருந்தவர்கள் நடுவில் நின்று, தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும், தாமதத்துக்குக் காரணம் தான்தான் என்றும், மதியத்துக்குள் சொல்லிவிடுவேன் என்றும் ஒவ்வொருவருக்கும் விளக்கினார். பிறகு உள்ளே வந்து தேடினார். இரவில் யாரோ ஏ.சி.யைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். சுவரிலிருந்த பழைய வெப்பமானி அதைக் காட்டவில்லை. அந்தத் தவறான வெப்பநிலையைக் கணக்கில் போட்டதால் அளவு நகர்ந்திருந்தது. இயந்திரத்தில் குறையே இல்லை. மதியம் ஒரு மணிக்குக் கையெழுத்துப் போட்டார். எலிக்கூண்டோடு வாசலில் நின்று வேடிக்கை பார்த்த என்னிடம், "வரம்புக்குள்ள இருக்குன்னு விட்ருக்கலாம். ஆனா ஏன்னு தெரியாம விட்டா, நாளைக்கு எது உண்மைன்னே எனக்குத் தெரியாமப் போயிரும்," என்றார்.

சில ஆண்டுகள் கழித்து எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு 'ஃபிளாஷ்' வந்தது. வழக்கமான சிகிச்சையில் ஒரு வேளைக்குரிய கதிரைச் சில நிமிடங்களில் கொடுப்பார்கள். அதே அளவைக் கண் இமைப்பதற்குள் கொடுத்துவிட்டால், கட்டி வழக்கம்போல அழிகிறது, சுற்றியுள்ள நல்ல சதை மட்டும் ஏனோ குறைவாகப் பாதிக்கப்படுகிறது என்று உலகின் சில ஆய்வுக்கூடங்கள் சொல்லத் தொடங்கியிருந்தன. அது ஏன் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. இன்றும் தெரியாது. செல்வராணி பழைய இயந்திரம் ஒன்றை மாதக்கணக்கில் மாற்றியமைத்து, அந்த வேகத்துக்குக் கொண்டுவந்தார். முதல் தடவை இயக்கியபோது ஒரு 'டக்' சத்தம்கூடக் கேட்கவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால், வெளிறிய ஃபிலிமில் ஒரு சதுரம் கறுத்திருந்தது. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அவ்வளவு வேகத்தில் வரும் கதிரை வழக்கமான கருவியால் அளக்க முடியாது, அது திணறிவிடும். ஆகவே ஃபிலிமைத்தான் நம்ப வேண்டும். கதிர் பட்டால் ஃபிலிமின் நிறம் ஏறும். எந்த நிறத்துக்கு எவ்வளவு கதிர் என்று ஒப்பிட்டுப் பார்க்க, அளவு தெரிந்த கதிரைப் பாய்ச்சிய ஃபிலிம்களைக் கதிர் பட்ட அன்று மாலையே ஸ்கேன் செய்து வைத்திருந்தார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஃபிளாஷ் ஃபிலிம்களைத் தயார் செய்தோம். அவை சொல்லும் கணக்கை வைத்துத்தான் அடுத்த வாரம் எலிகளுக்கு இயந்திரத்தை அமைத்தோம். முடிவு பிரமாதமாக வந்தது. ஃபிளாஷ் பெற்ற எலிகளின் தோல் கிட்டத்தட்ட புண்ணாகவே இல்லை. கட்டுரை வெளியானது. வெளிநாட்டு மாநாடுகளிலிருந்து அழைப்பு வந்தது. தாராவியில் வளர்ந்த பெண் என்று ஒரு தமிழ்ப் பத்திரிகை படத்தோடு போட்டது. 'ஒரு நொடியில் புற்றுநோய்க்கு வைத்தியம்' என்று தலைப்பு. அதைப் பார்த்துச் செல்வராணி முகம் சுளித்தார். ஆனால் மறுப்பு அனுப்பவில்லை. பின்னாளில் அதற்காக அவர் தன்னை மன்னிக்கவே இல்லை.

ஓர் ஆண்டுக்குப் பிறகு வேறொரு நாட்டு ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மிக மரியாதையான கடிதம். நீங்கள் எழுதியபடியே செய்து பார்த்தோம், இரண்டு முறை செய்தோம், எங்களுக்கு அந்த முடிவு வரவில்லை, நாங்கள் எதைத் தவறவிட்டோம் என்று சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அவர்களுடைய இயந்திரம் வேறு, எலி வகை வேறு, விட்டுவிடலாம் என்றார் எங்கள் துறைத் தலைவர். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. செல்வராணி மட்டும் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "அவ்வோ எதையும் தவறவிட்டிருக்காம, நாம தவறவிட்டிருந்தா?" என்றார்.

மூன்று வாரங்கள் பழைய பதிவேடுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் என் மேசைக்கு வந்து, அந்த வெள்ளிக்கிழமை ஃபிலிம்களை நீங்கள் எப்போது ஸ்கேன் செய்தீர்கள் என்று கேட்டார். அந்த வெள்ளிக்கிழமை மழை பலமாக இருந்தது. அவருடைய வீட்டுக்குள் தண்ணீர் வரத் தொடங்கியதாக அருள் போன் செய்ததால், ஸ்கேன் வேலையை என்னிடம் ஒப்படைத்துவிட்டு அவர் சீக்கிரம் கிளம்பிப் போயிருந்தார். "அன்னிக்குச் சாயங்காலமே பண்ணிட்டேனே," என்றேன். பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். கம்ப்யூட்டரில் அந்தக் கோப்புகள் உருவான நாளும் நேரமும் அதில் இருந்தன. செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அன்று மாலை ட்ரெயின்கள் ஒவ்வொன்றாக நிற்கின்றன என்று கேள்விப்பட்டு, ஃபிலிம்களை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு ஓடினேன். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் குர்லாவில் தண்டவாளம் தண்ணீருக்குள் இருந்தது. செவ்வாயன்று வந்து ஸ்கேன் செய்து, எண்களைப் படிவத்தில் எழுதிவிட்டேன். ஃபிலிம்தானே, என்றைக்குச் செய்தால் என்ன என்று நினைத்தேன்.

"நாம யாரும் வரல," என்றார் செல்வராணி. "ஃபிலிம் மட்டும் உள்ள கிடந்து கறுத்துக்கிட்டே இருந்திருக்கு."

கதிர் பட்ட பிறகும் அந்த ஃபிலிமின் நிறம் சில நாட்களுக்கு மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும். ஒப்பீட்டு ஃபிலிம்களை அன்றே பார்த்துவிட்டு, இவற்றை நான்காம் நாள் பார்த்தால், இயந்திரம் நிஜத்தைவிட அதிகம் கொடுப்பதுபோலத் தெரியும். நாங்கள் அதற்கேற்பக் குறைத்து வைத்தோம். எலிகளுக்குக் குறைவான கதிர்தான் போயிருக்கிறது. குறைவாகச் சுட்டதால் குறைவாகப் புண்ணானதை, அதிசயம் என்று எழுதியிருக்கிறோம்.

இந்த விளக்கத்தையும் அவர் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. புதிதாக ஃபிலிம் எடுத்துக் கதிர் பாய்ச்சி, அன்றும் நான்காம் நாளும் ஸ்கேன் செய்தார். எங்கள் முடிவில் பெரும்பகுதி அந்த வித்தியாசத்துக்குள் அடங்கிவிட்டது. அப்போது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என்னால் வந்தது என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் என்னை முடிக்க விடவில்லை.

"ஸ்கேன் பண்ணுனது நீங்க. ஆனா அந்த ஃபாரத்த அச்சடிச்சது நான். அதுல எத்தன மணிக்கு ஸ்கேன் பண்ணுனோம்னு எழுத ஒரு கட்டம் நான் போடல. போட்டிருந்தா நீங்க எழுதியிருப்பீங்க. எழுதியிருந்தா நான் பாத்திருப்பேன்."

கட்டுரையை முழுவதுமாகத் திரும்பப் பெற வேண்டும் என்றார். துறைத் தலைவர், ஓர் அடிக்குறிப்புப் போதும் என்றார். நான் துறைத் தலைவர் பக்கம் நின்றேன். எழுதுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. "சின்னதா ஒரு திருத்தம் போட்டா போறாதா? எதுக்கு மொத்தமா வாபஸ் வாங்கணும்?" என்று கேட்டேன். ஸ்கேன் செய்தது நான் என்பது வெளியே வந்துவிடுமோ என்ற பயம்தான் அப்படிக் கேட்க வைத்தது. அது அவருக்கும் தெரிந்திருக்கும். எழுந்து போனார். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு மாதம் பேசிக்கொள்ளவில்லை. அவர் எழுதிய கடிதம் வெளியானபோதுதான் படித்தேன். அளவீட்டுப் படிவத்தில் நேரம் குறிக்க இடமில்லை, அந்தப் படிவத்தைத் தயாரித்தவள் நான், பிழை என்னுடையது என்று எழுதியிருந்தார். ஸ்கேன் செய்தவர் யார் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. மாநாட்டு அழைப்புகள் நின்றன. அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. நான் என் வேலையில் பத்திரமாக இருந்தேன்.

இரண்டு மாத மௌனத்தை அவரே உடைத்தார். ஒரு நாள் மதியம் என்னிடம் வந்து, "என்கூட சீத்தா கேம்ப் வரைக்கும் வருவீங்களா? தனியாப் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் வரல," என்றார்.

தமிழர்கள் நிறைய வாழும் குடியிருப்பான சீத்தா கேம்ப்பில் பாக்கியநாதன் என்ற தையற்காரர் இருந்தார். நாக்கில் புற்றுநோய். ரேடியேஷனை உடனே தொடங்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லியும் வராமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். செல்வராணியின் படம் வந்த பத்திரிகைத் துண்டைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்து, அந்த ஒரு நொடி வைத்தியம் வரட்டும், வாய் வெந்துபோகாது என்று எல்லோரிடமும் சொல்லிவந்தாராம். வெளி நோயாளிப் பிரிவில் ஒரு நர்ஸ் இதைப் பேச்சுவாக்கில் செல்வராணியிடம் சொல்லியிருக்கிறார்.

மான்குர்தில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போனோம். ஒரே அறை வீடு. தையல் மெஷினுக்கும் கட்டிலுக்கும் நடுவில் பாயை விரித்து உட்காரவைத்தார்கள். பாக்கியநாதன் படத்தில் பார்த்த முகத்தை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து கும்பிட்டார். அந்த வைத்தியத்துக்குக் கூப்பிடத்தான் நாங்கள் வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

செல்வராணி நேராகச் சொல்லிவிட்டார். "அண்ணாச்சி, பேப்பர்ல போட்டது நான் சொன்னத வச்சுத்தான். நான் சொன்னது தப்பு."

பாக்கியநாதனுக்குப் பேச்சு சிரமப்பட்டுத்தான் வந்தது. "அப்ப அது பொய்யா?"

"பொய்யின்னும் தெரியல, நெசம்னும் தெரியல. தெரியறதுக்கு முன்னாலயே தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். அதுக்காவ நீங்க இன்னும் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. நாளைக்கே வாங்க. வாய் காஞ்சு போவும், புண்ணாவும், ருசி போவும். ஆனா இந்தப் பழைய வைத்தியம் வேல செய்யும். அது எங்களுக்குத் தெரியும்."

பாக்கியநாதன் கோபப்படுவார் என்று நான் பயந்தேன். அவர் பத்திரிகைத் துண்டைப் பையிலிருந்து எடுத்து, படத்தையும் எதிரில் இருந்தவரையும் மாறிமாறிப் பார்த்தார். "இதச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீய?" என்று கேட்டார். ஆமாம் என்றார் செல்வராணி. பாக்கியநாதன் அந்தத் துண்டை மடித்துத் திரும்பப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை சிகிச்சைக்கு வந்தார். சிகிச்சை முடியும்வரை ஒவ்வொரு நாளும் அவருக்குரிய அளவைச் செல்வராணியே சரிபார்த்தார். பாக்கியநாதன் இன்றும் தைத்துக்கொண்டிருக்கிறார். ருசி முழுதாகத் திரும்பவில்லை. தேநீர் மண்ணைக் கரைத்த மாதிரி இருக்கிறது என்று ஒரு முறை சொன்னார். செல்வராணி அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அன்று திரும்பி வரும் ட்ரெயினில், எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்வோம் என்றார். இந்த முறை எந்த எலி ஃபிளாஷ் பெற்றது, எது வழக்கமான கதிர் பெற்றது என்பது, புண்களைப் பார்த்து மதிப்பெண் போடும் எனக்குத் தெரியக் கூடாது. எந்த எலி எந்தப் பிரிவு என்று காட்டும் குறியீடுகளை உறையில் போட்டு ஒட்டி, எங்கள் இருவருக்கும் சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். எனக்குச் சுருக்கென்றது. "என்மேல நம்பிக்கை இல்லையா உங்களுக்கு?" என்றேன்.

"எனக்கு என்மேலயே இல்ல, லலிதா. எது நடக்கணும்னு ஆசப்படுதேனோ, அதத்தான் என் கண்ணு பாக்கும். உங்க கண்ணும் அப்படித்தான."

அந்த ஆண்டு முழுவதும் அவர் வேலை செய்த விதத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பிரமிப்பு அடங்கவில்லை. ஃபிலிம் எந்தப் பெட்டியிலிருந்து வந்தது, எத்தனை மணிக்குக் கதிர் பட்டது, எத்தனை மணிக்கு ஸ்கேன் ஆனது, அறையின் ஈரப்பதம் என்ன, எலி மயக்கத்தில் இருந்தபோது எந்தக் காற்றைச் சுவாசித்தது, அதன் உடல் சூடு எவ்வளவு, அன்று கரண்ட் போனதா, ட்ரெயின் ஓடியதா என்று எல்லாவற்றுக்கும் படிவத்தில் கட்டம் இருந்தது. ட்ரெயினுக்குக் கட்டமா என்று சிரித்தவர்கள் உண்டு. நான் சிரிக்கவில்லை.

உறையைப் பிரித்த நாளில் ஐந்து பேர் சுற்றி நின்றோம். நான் புண்களுக்குக் கொடுத்த மதிப்பெண்களோடு குறியீடுகளை ஒவ்வொன்றாகச் செல்வராணி பொருத்தினார். வித்தியாசம் இருந்தது. முன்பு நாங்கள் எழுதியதைவிட மிகச் சிறியது. ஆனால் இருந்தது. நான் அழுதுவிட்டேன். செல்வராணி தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "இது நம்ம வீட்ல நடந்தது. அடுத்த வீட்லயும் நடக்குதான்னு பாக்கணும்," என்றார்.

மூன்று ஊர்களிலிருந்த மூன்று ஆய்வுக்கூடங்களுக்கு கதிரை அளக்க உடம்புக்குப் பதிலாக வைக்கும் ஒரே மாதிரி அக்ரிலிக் கட்டைகளையும், ஒரே பெட்டியிலிருந்து எடுத்த ஃபிலிம்களையும் தன் கையால் கட்டி அனுப்பினார். அதில் ஒன்று, எங்களுக்கு அந்த மரியாதையான கடிதத்தை எழுதிய ஆய்வுக்கூடம். இரண்டு இடங்களில் எங்கள் முடிவே வந்தது. மூன்றாவது இடத்தில் வரவில்லை. அதைத் தனியாகப் பின்னிணைப்பில் போடலாம் என்று ஆலோசனை சொன்னார்கள். செல்வராணி மூன்றையும் ஒரே பட்டியலில், ஒரே அளவு எழுத்தில் போட்டார். அந்தக் கட்டுரைக்குப் பத்திரிகைகளில் படம் எதுவும் வரவில்லை. ஆனால் அவருடைய படிவத்தை உலகில் பல இடங்களில் அப்படியே பயன்படுத்துகிறார்கள். தங்களுக்கு வந்த முடிவு சரிதானா என்று சந்தேகப்பட்டவர்கள் அவருக்குத்தான் எழுதினார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் போட்டார்.

மூன்றாவது ஆய்வுக்கூடத்தில் எலிகளை மயக்கும்போது சுத்த ஆக்சிஜன் கொடுத்திருக்கிறார்கள், நாங்கள் சாதாரணக் காற்றைக் கொடுத்தோம் என்பதைக் கடைசி மாதங்களில் அவர் கண்டுபிடித்தார். அதுதான் காரணமா என்று இன்னும் தெரியாது. அவர் இருந்திருந்தால் நான் இந்த இடத்தில் 'தெரியாது' என்று எழுதியிருக்கிறேனா என்று பார்த்த பிறகுதான் மேலே படித்திருப்பார்.

இறுதிச் சடங்குக்குத் தாராவியின் அந்தச் சந்து கொள்ளாத அளவுக்குக் கூட்டம். தோல் பட்டறைக்காரர்கள், அருளின் மொபைல் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர்கள், ஆஸ்பத்திரி ஊழியர்கள், எங்கள் ஆய்வுக்கூடத்துப் பிள்ளைகள். மயானத்தில் எல்லாம் முடிந்த பிறகு அருள் என்னிடம் வந்தார். அக்கா பெரிய வேலையில் இருந்தாள் என்பது மட்டும்தான் இங்கே எல்லோருக்கும் தெரியும், என்ன செய்தாள் என்று யாருக்கும் தெரியாது, எனக்கே சரியாகத் தெரியாது, நீங்கள் இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்றார்.

பேசிப் பழக்கமில்லாதவள் நான். இருந்தும் சொன்னேன். "பல வருஷம் முன்னாடி எங்க வேலைல ஒரு தப்பு நடந்தது. அந்தத் தப்பு என் கையால நடந்தது. உங்க அக்கா அதைத் தன்னோடதுன்னு ஊரறியச் சொன்னாங்க. அப்புறம் எல்லாத்தையும் முதல்லேர்ந்து பண்ணினாங்க. அதனாலதான் இன்னிக்கு அவங்க அளவை நம்பிப் பத்து ஊர்ல ஒரு புது வைத்தியத்தைத் தேடற வேலை நடக்கறது. அவங்க 'தெரியும்'னு சொன்னா அது தெரியும்னு அர்த்தம். 'தெரியாது'ன்னு சொன்னா இன்னும் தேடணும்னு அர்த்தம்."

தமிழ் தெரியாதவர்கள் நிறையப் பேர் நின்றதால் அருள் அதை இந்தியில் சொல்லத் தொடங்கினார். பாதியில் குரல் உடைந்துவிட்டது. கடைசியில் ஒரே வாக்கியமாக முடித்துக்கொண்டார். "தீதி நே போலா, மத்லப் பக்கா." அக்கா சொன்னாள் என்றால் அது உறுதி என்று பொருள். பட்டறைக்காரர்கள் தலையை ஆட்டினார்கள். ஒரு பெரியவர் கையிலிருந்த தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

அமைதியாகப் போய் வாருங்கள், செல்வராணி. உங்களைப் பற்றி நினைவிலிருந்து எழுதியிருக்கிறேன். என் நினைவு எப்படிப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். இதில் எங்காவது பிழை இருந்தால், உங்களை அறிந்தவர்கள் எனக்கு எழுதட்டும். என் பெயரிலேயே திருத்தம் வெளியிடுகிறேன்.